அவன் அப்பாவின் சாவுகள்

எனக்குத் தெரிந்து அவன் அப்பா மூன்று முறை செத்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். கைலி, முண்டா பனியன். வாயில் முறுக்கை மென்றுகொண்டிருந்தார். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது.

"யாரும்மா வோணும்?"

அவன் பெயரைச் சொன்னேன்.

"எம் பையன்தான். குளிச்சிகினு கீறான். உள்ள வந்து குந்தும்மா, காபி போடச் சொல்றேன்."

நான் உட்காரவில்லை. வாங்க வந்த புத்தகத்தையும் வாங்கவில்லை. கல்மண்டபம் பஸ் ஸ்டாப் வரைக்கும் விறுவிறுவென்று நடந்து வந்தேன். செத்துப்போன மனிதர் எவ்வளவு நன்றாக முறுக்குத் தின்கிறார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

அவனும் நானும் ராயபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஏ. சமூகவியல் படித்தோம். மக்களிடம் போய்ப் பேட்டி எடுத்து, அவர்கள் வாழ்க்கையைக் கட்டுரையாக எழுத வேண்டும். அதுதான் எங்களுக்குப் பெரிய பாடம். எங்கள் வகுப்பில் அதில் அவனை அடிக்க ஆள் இல்லை. நாங்கள் போனால் "தெரியாதும்மா", "அவர் வந்தா கேளு" என்று அனுப்பிவிடுகிற ஆட்கள், அவன் போனால் பேசுவார்கள். சும்மா பேச மாட்டார்கள். கொட்டுவார்கள்.

ஆள் பார்க்க ஒன்றும் விசேஷம் இல்லை. ஒல்லி. எண்ணெய் வைத்த தலை. ஆனால் யாரிடம் பேசினாலும் அவர்களைவிடத் தாழ்வாக உட்காருவான். அவர் நாற்காலியில் இருந்தால் இவன் முக்காலியில். அவர் தரையில் இருந்தால் இவன் குத்துக்காலிட்டு, தலையைக் குனிந்துகொண்டு. பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பான். நடுவில் குறுக்கே பேச மாட்டான். நான் அப்படி இல்லை. கேட்க வேண்டியதை நேராகக் கேட்பேன். என் கட்டுரையைப் படித்துவிட்டு அவன் சொன்னான்: "உன் கேள்வியெல்லாம் ஸ்டேஷன்ல ரைட்டர் கேக்குற மாரி கீதுமே. அவுங்க இன்னா அக்யூஸ்டா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது தப்பில்லை.

அவன் அப்பா முதலில் செத்தது காசிமேட்டில். முதல் வருஷம், படகு இன்ஜின் ரிப்பேர் செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் போயிருந்தோம். எங்களைப் பார்த்ததுமே அவர் ஸ்பானரைக் கீழே போட்டார்.

"போன வாரம் ஒரு கும்பல் வந்துச்சி. அதுக்கு மின்ன ஒரு கும்பல். கேமரா, மைக்கு. எயுதி எயுதி இன்னாத்த கிய்ச்சீங்க? போங்க, வேல கீது."

நான் திரும்ப நடக்க ஆரம்பித்துவிட்டேன். இவன் நகரவில்லை. இன்ஜினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "எங்கப்பா போன போட்ல கூட இதே இன்ஜின்தாண்ணா. கடல்லயே நின்னுடுச்சி. அவரு திரும்பி வர்ல."

மெக்கானிக் அவன் முகத்தைப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு டீ சொன்னார். பிறகு மத்தியானம் வரைக்கும் பேசினார். தம்பி கடலில் போனது, தான் ரிப்பேர் செய்த இன்ஜினோடு போனது, அதை இன்றுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாதது. சொல்லும்போது அழுதார். இவனும் அழுதான். நான் மரம் மாதிரி நின்றேன். அன்று என் டப்பாவில் வஞ்சிரம் வறுவல் இருந்தது. முழுவதையும் அவனுக்குக் கொடுத்தேன். அப்பா இல்லாத பிள்ளை. அந்த மீன் துண்டுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டாவது சாவு தண்டையார்பேட்டை குடோன் பக்கம். துறைமுகத்துக்குள் போக வரிசையில் நின்ற ஒரு டிரெய்லர் டிரைவரிடம். இந்த முறை அப்பா டிரெய்லர் ஓட்டினார், கும்மிடிப்பூண்டி தாண்டி பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் தன் பிரியாணிப் பொட்டலத்தில் பாதியை அவனுக்குப் பிரித்து வைத்துவிட்டு, ஊரில் ஒரு குடும்பம் இங்கே ஒரு குடும்பம் என்று தன் கதையைச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "உங்கப்பா கடல்ல போனார்னியே?"

"ஆமா."

"இன்னிக்கு லாரின்ற?"

"அது ஒரு பேஜாரு புடிச்ச கதைமே. அப்பால சொல்றேன்."

அவன் அம்மாவுக்கு இரண்டு கல்யாணம் நடந்திருக்கலாம் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் அப்படி வீடுகள் உண்டு. அதையெல்லாம் நோண்டிக் கேட்கக் கூடாது. விட்டுவிட்டேன்.

மூன்றாவது, வண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடை பாயிடம். அப்பா இரும்புக் கடை வைத்திருந்தார். கூடப் பிறந்தவர்கள் ஏமாற்றியதில் நெஞ்சு வெடித்துச் செத்தார். பாய் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தன் அண்ணன்களைப் பற்றி ஆரம்பித்தார். நான் பாயைப் பார்க்கவில்லை. அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வந்தது. நிஜத் தண்ணீர்.

அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் மூன்றில் ஒன்றாவது உண்மையாக இருக்கும் என்று நினைத்தேன். அதனால்தான் அந்த முறுக்கு எனக்கு அப்படி ஓர் அடியாக விழுந்தது.

அடுத்த நாள் கல்லூரி வாசலில் பிடித்துக்கொண்டேன்.

"உங்கப்பா உயிரோட கீறாரு."

"கீறாரு. சோக்கா கீறாரு. உன்ன காபி குடிக்கச் சொன்னாராமே, குடிக்காம ஓடிட்டியாம்."

"டபாய்க்காத. எதுக்கு இந்தப் பீலா?"

அவன் வெட்கப்படவே இல்லை. நிதானமாகச் சொன்னான். "சாவு வூட்டுக்குப் போறவன் வெறுங்கையோட போறானா? மாலை வாங்கிகினு போறான்ல? அவுங்க உள்ள கீற சாவத்தான நாம கேக்கப் போறோம். நம்ம கைல ஒண்ணு இருந்தாத்தான் அவுங்க ஒண்ணு குடுப்பாங்க."

இதை அவன் அடிக்கடி சொல்வான். வெறுங்கையோட போகக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். பொய்யும் நன்றாகத்தானே இருக்கும்.

முழுக்க மோசமானவன் என்றும் சொல்ல முடியாது. அந்த டிரெய்லர் டிரைவர் கால் உடைந்து அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இவன் மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு மூன்று நாள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தான். நாங்கள் யாரும் போகவில்லை. பாய் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினான். நல்ல மனசு என்று வகுப்பில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும், ஆஸ்பத்திரிக்குப் போனவன் போனில் ரெக்கார்டு போட்டுக்கொண்டு போனானா என்றுதான் கேட்கத் தோன்றியது. கேட்டேன். அவன் சிரித்தான்.

கடைசி வருஷம் பேட்டிக் கட்டுரைகளை ஒருவருடையதை ஒருவர் படித்துக் கருத்து எழுத வேண்டும் என்று மேடம் சொன்னார். அதற்கு ஒரு விதி. முதலில் இரண்டு நல்லது சொல்ல வேண்டும், பிறகுதான் குறை. நல்ல கட்டுரைகளைக் கல்லூரிக் கருத்தரங்கில் வாசிப்பார்கள். அக்கம்பக்கத்துக் கம்பெனிகளின் அதிகாரிகள் வருவார்கள். அரங்கத்துக்கு ஏசி போட்டுக் கொடுத்ததே அவர்கள்தான். சீட்டு எடுத்ததில் அவன் கட்டுரை எனக்கு வந்தது.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து படித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

ஒரு விதவைப் பெண். கணவர் ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலி. டேங்க் கழுவ உள்ளே இறங்கியவர் புகையில் மூச்சடைத்து அங்கேயே இறந்துபோகிறார். கம்பெனி ஆட்கள் உடம்பை வெளியே எடுத்துப் போட்டு, வேலைக்கு வரும்போதே கேட்டுக்குப் பக்கத்தில் நெஞ்சுவலியில் விழுந்ததாகச் சொல்லச் சொல்கிறார்கள். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அதே கம்பெனி கேன்டீனில் வேலை. அந்தப் பெண்ணும் சொல்லிவிடுகிறார். நர்சிங் படிக்கும் மகளிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். அந்தக் கேன்டீனில்தான் இன்னும் பாத்திரம் கழுவுகிறார்.

பெயரை மாற்றியிருந்தான். பெயரை மாற்றினால் யாருக்குத் தெரியாது? கேன்டீன், நர்சிங் மகள், கேட்டில் நெஞ்சுவலி. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா. கருத்தரங்கில் வந்து உட்காரும் அதிகாரிக்கு முதல் பக்கமே போதும்.

ஆனால் எனக்கு வந்த சந்தேகம் வேறு. அந்த அக்கா தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போதுகூட வாயைத் திறக்க மாட்டார். மீன் என்ன விலைக்கு வாங்கினாய் என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். புருஷன் செத்தபோது கூடப் பிறந்த தங்கையிடம்கூட ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை என்று தெரு முழுக்கச் சொன்னார்கள். அவர் இவனிடம் ஏன் இதைச் சொன்னார்?

கட்டுரையின் பின்னால் பேட்டியை அப்படியே எழுதிச் சேர்த்திருந்தான். அது இப்படித் தொடங்கியது: "அப்ப உனக்குத் தெரியும் நைனா. உனக்குச் சொன்னா தப்பில்ல."

என்ன தெரியும்? அதற்கு முன்னால் இவன் என்ன சொன்னான்? அந்த இடம் பேட்டியில் இல்லை. வெட்டியிருந்தான்.

கருத்துத் தாளில் இரண்டு நல்லது எழுதினேன். பக்க எண் சரியாகப் போட்டிருக்கிறாய். தாளை இரண்டு பக்கமும் வீணாக்காமல் பயன்படுத்தியிருக்கிறாய். அதற்குக் கீழே, பேட்டியின் தொடக்கத்தில் நீ பேசியது எங்கே என்று எழுதினேன். மேடத்திடம் கொடுக்கவில்லை. முதலில் அவனிடம் காட்டினேன்.

கல்மண்டபத்தில் ஒரு டீக்கடை வாசல். படித்துவிட்டு மடித்து வைத்தான்.

"உங்கப்பா இந்தத் தபா எங்க செத்தாரு?" என்றேன்.

அவன் டீயைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "டேங்க்ல."

"கம்பெனி டேங்க்லயா?"

"ஆமா."

"உனக்கு அந்தக் கத எப்படித் தெரியும்? அவுங்க வூட்டுக்காரரும் டேங்க்லதான் போனாருன்னு?"

"தெரியாது. அந்தத் தெருவுல ஒர்த்தரு சொன்னாரு, நெஞ்சுவலின்றாங்க, நான் நம்பலன்னு. எறிஞ்சி பாத்தேன். உழுந்துது."

மாங்காய்க்குக் கல் எறிந்தவன் மாதிரி சொன்னான். எனக்கு அவன் டீயைத் தட்டிவிடலாம் போல இருந்தது.

"அவுங்க வேல போவும்."

"பேரு மாத்திக்கீறேன். அவுங்களே கையெழுத்துப் போட்டாங்க, எயுதிக்கோன்னு சொன்னாங்க. நீ இன்னாமே நடுவுல? அந்தக் கம்பெனிய யாராச்சும் கேக்க வேணாமா? ஒரு மன்சன் செத்துக்கீறான். அத்த மூடி வெச்சிக்கீறாங்க. நான் எயுதுனா தப்பா?"

"கேளு. நல்லாக் கேளு. கேட்டாண்ட போய் நின்னு கேளு. அவுங்க சோத்துல நின்னு கேக்காத."

"அவுங்களுக்கும் சொல்லணும்னுதான் இருந்துது. இல்லன்னா சொல்லுவாங்களா?"

"சொன்னாங்க. யாருக்குச் சொன்னாங்க? அப்பன் செத்தவனுக்குச் சொன்னாங்க. கையெழுத்து அவனுக்குப் போட்டாங்க. அவன் எங்க? இட்டுனு வா பாக்கலாம்."

மடித்து வைத்த தாளை மறுபடி பிரித்துப் பார்த்தான். "இப்ப இன்னா செய்யணும்ன்ற?" என்றான்.

"நீயே போய்ச் சொல்லு. உங்கப்பா உயிரோட கீறாருன்னு. அப்பவும் அவுங்க எயுதிக்கோன்னா எயுதிக்கோ. இல்லன்னா இந்தத் தாள நாளைக்கு மேடத்துக்கிட்ட குடுப்பேன்."

"நீயும் வரியா?"

"வராம? நீ போய் இன்னொரு அப்பாவச் சாவடிச்சிட்டு வந்தா?"

அன்று சாயங்காலமே போனோம். அக்கா அப்போதுதான் கேன்டீனிலிருந்து வந்திருந்தார். புடவையில் சாம்பார் வாசம். மகள் நர்சிங் காலேஜிலிருந்து இன்னும் வரவில்லை. இவனைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அந்த முகத்தை எங்கள் தெருவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"வா நைனா. துன்னியா? உன் மூஞ்சே வாடிக்கீது." என்னைப் பார்த்து, "நீ அந்தத் தெரு பொண்ணுதான? நீயும் இவங்கூடப் படிக்கிறியா? குந்து" என்றார்.

கேன்டீனிலிருந்து கொண்டுவந்த வடையைத் தட்டில் வைத்து அவன் முன்னால் தள்ளினார். அவன் தொடவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"எங்கப்பா சாவலக்கா."

அக்காவுக்குப் புரியவில்லை. "இன்னாது?"

"உயிரோடதான் கீறாரு. வூட்ல கீறாரு. நான் பொய் சொன்னேன்."

அக்கா அவனையே பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டார்: "அன்னிக்கு அழுதியே."

"அது நெஜமாத்தான் அழுதேன்."

"யாருக்கு?"

அக்கா தட்டை எடுத்து அடுப்புப் பக்கம் வைத்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். குரலே வேறாக இருந்தது. போலீசிடமும் சொந்தக்காரர்களிடமும் மகளிடமும் சொன்ன குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"சரி. நீ சொன்னது பொய்யின்னா நான் சொன்னதும் பொய்யி. எங்க வூட்டுக்காரு வேலைக்குப் போவச் சொல்ல, கேட்டாண்ட நெஞ்சுவலி வந்து உழுந்துட்டாரு. கம்பெனிக்காரங்கதான் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனாங்க. எனக்கு வேலயும் குடுத்தாங்க. இத்த எயுதிக்கோ."

"அக்கா..."

"எயுதிக்கோ நைனா. கையெழுத்து வோணுமா?"

எழுந்து வெளியே வந்தோம். வாசலில் அக்கா என்னைக் கூப்பிட்டார். திரும்பினேன்.

"நீ எதுக்கும்மா வந்த? அவன் சொல்றானா இல்லியான்னு பாக்கவா?"

"அக்கா, உங்க வேல போயிடும்னுதான்."

"எனக்குத் தெரியாதா எம் பொயப்பு? ஒருத்தன்கிட்டதான் சொன்னேன். அதயும் கெடுத்துட்ட." கதவைச் சாத்திவிட்டார்.

தெருமுனை வரைக்கும் நடந்தோம். பிறகு அக்கா பேசிய பதிவை என் கண் எதிரே போனில் அழித்தான். "மெயில்ல?" என்றேன். அதையும் அழித்தான். "வேற எங்க வெச்சிக்கீற?" என்றேன். "உன்ன மாரி ஒரு ஆள நான் பாத்ததே இல்லமே" என்றான். அது பதில் இல்லை.

அந்தக் கட்டுரையை அவன் கொடுக்கவில்லை. அவசரத்தில் ஒரு பெட்டிக்கடைக்காரரைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தான். குப்பை. என் கேள்விகள் மாதிரியே இருந்தது. வகுப்பில் முதலாவதாக வந்திருக்க வேண்டியவன் கீழே போனான். பெட்டிக்கடைக் கட்டுரைக்கு நான் எழுதிய கருத்தைப் படித்துவிட்டு, சக மாணவரிடம் இப்படியா பேசுவது என்று மேடம் என்னைத் திட்டினார். இரண்டு நல்லது எழுத அதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கருத்தரங்கில் கம்பெனி அதிகாரிகள் ஏசியில் உட்கார்ந்து வேறு யாருடைய கட்டுரையையோ கேட்டுக் கைதட்டினார்கள். அக்காவின் வேலை போகவில்லை. அவர் புருஷன் இன்றுவரை கேட்டில் விழுந்துதான் செத்தார்.

நான் செய்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் அக்கா என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது என்னைப் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் பின்னால் போய் நின்றுகொள்கிறார். அவன் மட்டும் அங்கே வந்து போகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். மகளுக்கு ஏதோ விண்ணப்பம் போட்டுக் கொடுத்தானாம், ஃபேன் மாட்டிக் கொடுத்தானாம். எதற்காக என்று எனக்குத் தெரியாது. படிப்பு முடிந்துவிட்டது. மார்க்கும் கிடையாது. அப்புறம் எதற்கு? புருஷன் எப்படிச் செத்தான் என்று அந்த அக்கா வாயிலிருந்து வந்ததை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அவன், இன்னொன்று நான். பொய் சொன்னவனைத்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது நான் மீஞ்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போகிறேன். போன மாதம் ஒரு சாயங்காலம் தேரடி பஸ் ஸ்டாப்பில் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். அக்கா நின்றபடி பேசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி, நடுவில் கண்ணைத் துடைத்து, ஒரு இடத்தில் சிரித்துக்கூடப் பேசினார். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் பக்கத்தில் போனதும் அக்கா பேச்சை நிறுத்தினார்.

"இன்னாமே, எப்டி கீற?" என்றான் அவன்.

"இன்னா பேசிகினு இருந்தீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அக்கா. "உன் பஸ் வந்துச்சி பாரு. ஏறு."

வந்தது என் பஸ் இல்லை. ஆனாலும் ஏறினேன். ஜன்னல் பக்கம் இடம் பிடித்து வெளியே பார்த்தேன். பஸ் நகர்வதற்குள் அக்கா விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தார்.